வில்லுப்பாட்டு கேசட்: புலவர் குரல் எந்த வருஷம் இறங்கியது?

13 ஜூலை 2024, கேட்ட கேள்வி

“வடகரைப் புலவர் பாடின முத்துப்பட்டன் கதை என்னிடம் ரெண்டு கேசட் இருக்கு. ஒன்று 1987 கோயில் கொடை விழா, இன்னொன்று 1993. ரெண்டும் ஒரே ஆள்தானா? 87-ல் குரல் கணீரென்று மேலே நிற்குது. 93-ல் இறங்கிப் போச்சு. நடுவில் என்ன நடந்தது?”

13 ஜூலை, இரவு

ஒரே ஆள்தான். 87 கொடையில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன் நான். அப்போ எனக்கு 16 வயசு.

நடுவில் நடந்தது வெற்றிலையும் புகையிலையும். சித்திரையில் தொடங்கினால் ஆவணி வரைக்கும் கொடை சீசன். வாரத்துக்கு ரெண்டு ஊர், ராத்திரி பூரா பாட்டு. எந்தத் தொண்டை தாங்கும்? மூணு கட்டையில் பாடினவர் ஆறு வருஷத்தில் ரெண்டு கட்டைக்கு வந்துட்டார். (கட்டை என்பது ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சொல்கிற சுருதி அளவு. எண் கூடினால் சுருதி மேலே.) இதில் மர்மம் ஒன்றுமில்லை.

14 ஜூலை

பேரைப் போடச் சொல்லி ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. போடமாட்டேன். அவர் வீட்டில் அப்படிக் கேட்டுக்கிட்டாங்க. ‘புலவர்’ என்றே இருக்கட்டும். எங்க பக்கம் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து வீசுகோல் பிடிக்கிறவருக்கு அதுதான் பேர். சில ஊரில் அண்ணாவி என்பார்கள்.

வில்லுப்பாட்டை டிவியில் மட்டும் பார்த்த பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. கொடையில் வில் நீளமாக இருக்கும், மணி வரிசையாகத் தொங்கும். அதை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, குடம் ஆடாமல் இருக்க வைக்கோல் பிரிமணையில் உட்கார வைப்பார்கள். புலவர் ரெண்டு கையிலும் வீசுகோல் பிடித்து நாணில் அடிப்பார். ஒருத்தர் பத்தி என்கிற மட்டையால் குடத்து வாயில் அடிப்பார், ஒருத்தர் உடுக்கை, ஒருத்தர் ஜால்ரா. பின்னாளில் ஆர்மோனியமும் வந்து சேர்ந்தது. புலவருக்கு வலப்பக்கம் இருக்கிறவர் பாடினால் வலத்தே, இடப்பக்கம் இருக்கிறவர் பாடினால் இடத்தே. எங்க புலவருக்கு இடத்தே பாடினவரே குடமும் அடிப்பார்.

கதையெல்லாம் பழைய கதைதான். ஆனால் மெட்டும் வரியும் புலவருடையது. மத்தவர் ஏட்டைப் பார்த்து மனப்பாடம் பண்ணிப் பாடுவார். இவர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்துப் பாட்டுக் கட்டுவார்.

14 ஜூலை, மதியம்

87 கேசட்டில் கவனிக்க வேண்டியது சுருதி. ஏ பக்கம் தொடங்கும்போது ரெண்டரைக் கட்டைக்குச் சற்று மேலே. கதை ஏற ஏற சுருதியும் ஏறுது. சாமி வருகிற வரத்துப்பாட்டில் மூணு கட்டையைத் தொட்டுடும். இதை வேறே எவரிடமும் நான் கேட்டதில்லை. சாமியாடிக்கு அருள் வரவேண்டிய நேரம் நெருங்க நெருங்க, தெரியாமலே ஒரு நூல் ஒரு நூலாகச் சுருதியை ஏற்றிக்கொண்டு போகிறார். அதுதான் அந்த மனுஷன். முப்பது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லியே பலபேரை அந்தக் கேசட்டைக் கேட்க வைத்திருக்கிறேன்.

15 ஜூலை

காணாமப்போன பையன் கட்டம் எங்கே வருது என்று கேட்டவருக்கு: ஏ பக்கம், பாதிக்கு மேல்.

கதைநாயகன் முத்துப்பட்டன் மாட்டைத் திருப்பிக்கொண்டு வருகிற இடம். மேடை ஓரம் ஒரு சின்னப் பையன் அழுகிறது கேட்கும். ரேடியோ செட்டுக்காரர் மைக்கை வாங்கி அறிவிக்க எழுந்திருக்கிறார். புலவர் மைக்கை விடலை. கதை போய்க்கொண்டிருந்த அதே மெட்டில்,

செவப்புச் சட்டை போட்ட பிள்ளை (ஆமா)
சேத்தைப் பூசி நிக்குது (ஆமா)
அவுக ஆத்தா எங்க போனா (ஆமா, எங்க போனா?)
அல்வா திங்கப் போனாளோ!

கூட்டம் சிரிக்கிற சிரிப்பில் ஒரு பொம்பளை “ஏ எய்யா!” என்று ஓடிவருகிற சத்தம் இருக்கு. ஒரு வீசு. மணி குலுங்குது. பட்டன் மறுபடி மாட்டுக்குப் பின்னால் போய்விட்டான். மொத்தம் அரை நிமிஷம் இருக்காது.

இந்த நாலு வரியை அவர் திரும்ப எங்கேயும் பாடலை. பாடவும் முடியாது. கேசட் இல்லையென்றால் இது நடந்ததே இல்லை.

15 ஜூலை, இரவு

“நடுநடுவே கிரிச் கிரிச் என்று ஒரு சத்தம் வருதே, பூச்சியா?”

இல்லை. கத்தரி. உங்களிடம் இருப்பது மூலம் இல்லை, அதிலிருந்து எடுத்த நகல். ரெண்டு டேப் ரெக்கார்டரை எதிரெதிரே வைத்து, ஒன்று பாட ஒன்று பிடிக்க, எங்க வீட்டுப் பட்டாசாலையில் எடுத்தது. மூலையில் எங்க அம்மா பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். முக்கூடல் பக்கம் அந்தக் காலத்தில் அந்தச் சத்தம் இல்லாத வீடு குறைவு. “சத்தம் போடாத” என்று நான் சொன்னதற்கு, “ஆயிரம் பீடிய நீ சுத்துதியா?” என்றாள். அதுவும் நகலில் இருக்கும், உடுக்கை சத்தத்துக்கு அடியில். உற்றுக் கேளுங்கள்.

17 ஜூலை

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “புலவர் சுருதியை ஏற்றுகிறார், சரி. ஆர்மோனியமும் கூடவே ஏறுதே, அது எப்படி அண்ணாச்சி?”

கேட்டுப் பார்க்கிறேன்.

17 ஜூலை, இரவு 11 மணி

தம்பி சொன்னது சரி. ஆர்மோனியமும் ஏறுது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே எதுவும் கிடையாது. பித்தளை நாக்கு ஒரே சுரத்தில்தான் பேசும். அது நூல் நூலாக ஏறுது என்றால் ஏறினது புலவர் இல்லை.

26 வருஷம் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். இது எனக்குத் தோன்றாமல் போச்சே. கடையில் வந்து “பாட்டு வேகமாப் பாடுது” என்று எவனாவது சொன்னால் ரெண்டே நிமிஷத்தில் காரணம் சொல்லியிருப்பேன். நம்ம புலவர் என்றதும் மூளை கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

18 ஜூலை

விஷயம் இதுதான். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடணும். பேட்டரி இளைத்தால் மோட்டார் சோர்ந்து நாடா மெதுவாக ஓடும். மெதுவாக ஓடுகிறபோது பதிந்ததை, வீட்டில் கரண்டில் சரியான வேகத்தில் போட்டால், பாட்டு வேகமாகவும் சுருதி மேலேயும் வரும். கொடை அன்றைக்கு நாலு பெரிய பேட்டரி போட்டது நினைவிருக்கு. புதுசு இல்லை. அம்மாவின் டார்ச்சில் இருந்து ரெண்டு, ரேடியோவில் இருந்து ரெண்டு. முதலில் லேசாக இளைத்திருந்தது, போகப்போக அதிகமாக இளைத்தது. அதனால்தான் தொடக்கத்தில் கொஞ்சமாகவும் வரத்துப்பாட்டில் மூணு கட்டையாகவும் கேட்குது.

அருளும் இல்லை, கிருளும் இல்லை. டார்ச் பேட்டரி.

18 ஜூலை, மதியம்

சிரிக்கிறவர்கள் சிரிச்சுக்கோங்க.

21 ஜூலை

மூலக் கேசட்டை எடுத்துவிட்டேன். இரும்புப் பெட்டிக்குள், சேலைக்கு அடியில் இருந்தது. தொண்ணூறு நிமிஷக் கேசட், நாடா மெல்லிசு. ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. நாடாவை மிஷினின் தலைமேல் (ஹெட்) அழுத்துகிற பஞ்சுத் துண்டு உதிர்ந்து கீழே கிடக்கு. பழைய பக்திப்பாட்டுக் கேசட் ஒன்றின் வெளிக்கூட்டைத் திருகிக் கழற்றி, இந்த ரெண்டு சக்கரத்தையும் அதற்குள் மாற்றினேன். கை நடுக்கம் இப்போது கொஞ்சம் இருக்கு. கடைசித் திருகைப் போடும்போது நாடா ஒரு சுற்று வெளியே வந்து மேசையில் படுத்துக்கொண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பென்சிலால் சுற்றி உள்ளே இழுத்தேன்.

போட்டதும் சத்தம் கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. தலைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகைக் கால் சுற்றுத் திருப்பினேன். மணிச் சத்தம் அப்படியே வெளியே குதித்தது. பதிந்த மிஷினின் தலை கோணலாக இருந்தால், கேட்கிற மிஷினின் தலையையும் அதே கோணலுக்குக் கொண்டுவர வேண்டும். கேசட் வைத்திருக்கிற எல்லோரும் இதை ஒருமுறை செய்து பாருங்கள். “டேப்பு மங்கிப்போச்சு” என்று தூக்கிப் போடுகிறதில் பாதி மங்கினது இல்லை.

22 ஜூலை

டவுனில் கொடுத்து மாற்றலாமே என்கிறவருக்கு: பத்து வருஷத்துக்கு முன்னால் என்னுடைய வேறொரு கேசட்டை ஒரு கடையில் கொடுத்தேன். சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று சொல்லி வெடிச் சத்தம், கூட்டம், ‘ஆமா’ எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டுப் புலவரைக் கிணற்றுக்குள் தள்ளிக் கொடுத்தான். இரைச்சலை எடுத்துவிட்டால் வேகத்தை அளக்கவும் வழியில்லை. ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

23 ஜூலை

ரேடியோ செட் ஆம்ப்ளிபயரில் எப்போதும் ஒரு ‘ம்ம்ம்’ இருக்கும். நம்ம ஊர் கரண்டு விநாடிக்கு 50 சுற்று. ஆம்ப்ளிபயர் உள்ளே அது இரட்டித்து 100-ல் முனகும். குழாய் ஸ்பீக்கர் அதையும் சேர்த்துக் கத்தும், கேசட் அதையும் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் கோடாகப் போட்டுப் பார்த்தால் அந்த முனகல் எத்தனையில் நிற்கிறது என்று தெரியும். 100-ல் நின்றால் வேகம் சரி.

பார்த்தேன். பக்கத் தொடக்கத்தில் 108. வரத்துப்பாட்டில் 112.

அப்படியானால் முடிவில் நூற்றுக்குப் பன்னிரண்டு வேகம் கூடுதல். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் 100-க்கு இழுத்துப் பிடித்தேன். மூணு கட்டை அப்படியே ரெண்டு கட்டைக்கு வந்து உட்கார்ந்தது. 93 கேசட்டும் ரெண்டு கட்டை.

ஆக, குரல் இறங்கவே இல்லை. 13-ம் தேதி நான் எழுதினது தப்பு. புகையிலையிடம் மன்னிப்பு.

24 ஜூலை

திருத்தின பதிவை நாலு பேருக்கு அனுப்பினேன். நாலு பேருக்கும் பிடிக்கலை. ஒருத்தர், “இது யாரு?” என்று மட்டும் எழுதியிருந்தார்.

எனக்கும் பிடிக்கலை என்பதை இங்கே சொல்லித்தான் ஆகணும். கணக்கு சரி. ஆனால் கனமாக, சோர்வாக, உறக்கச் சடைவில் பாடுகிறதுபோல் இருக்கு. முப்பது வருஷமாக நாம் உருகினது ஒரு மனுஷன் குரலுக்கா, செத்துக்கொண்டிருந்த நாலு பேட்டரிக்கா?

27 ஜூலை

வேகச் சண்டையை விட்டுவிட்டுக் கதைச் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். நல்லது, அதுதான் பெரிய விஷயம்.

87-ல் புலவர் பாடுகிற பொம்மக்காவும் திம்மக்காவும், செருப்புத் தைக்கிற சாதியைச் சேர்ந்த வாலப்பகடை பெற்ற மக்கள். பிராமணனான முத்துப்பட்டன் அவர்களைக் கட்ட ஆசைப்படுகிறான். வாலப்பகடை நம்பவில்லை. பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைத்துக்கொண்டு வா என்கிறான். பட்டன் தைத்துக்கொண்டு வருகிறான். தோலைக் கத்தியால் கீறுகிற இடத்தில் புலவர் வீசுகோலை நாணில் இழுத்து ஒரு சத்தம் கொடுப்பார் பாருங்கள், கீறுகிறது கண்ணுக்குத் தெரியும்.

93-ல் அதே புலவர், அதே மெட்டு. ஆனால் அங்கே அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்ததை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று நாலு வரி கூடுதலாக வருது.

எது புலவருடைய பாட்டு என்று அடித்துக்கொள்கிறீர்கள். ரெண்டு வழக்கும் அவருக்கு முன்னாலேயே இருக்கு. நாங்குநேரிக்காரர் பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்து 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அந்த நாலு வரி மாதிரியானதெல்லாம் மேல்சாதி மனசு கோணாமல் இருக்கப் பின்னால் ஒட்டவைத்தது என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் படுகிறது. பெண்கள் பிறப்பிலேயே பிராமணர் என்றால் பட்டன் செருப்புத் தைத்ததற்கு என்ன அர்த்தம்? கதையின் முதுகெலும்பையே உருவி எடுத்த மாதிரி.

புலவருக்கு இது தெரியாமல் இருக்குமா? 87-ல் கொடை கொடுத்த ஊர் வேறே, 93-ல் கொடுத்த ஊர் வேறே. வில்லுக்காரருக்குச் சம்பளம் கொடுக்கிறது யார், முன்வரிசையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறது யார் என்று பார்த்தால் போதும். இதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. அப்புறம் 93 கேசட்டில் அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எல்லா வரிக்கும் இடத்தே ‘ஆமா’ வருது. அந்த நாலு வரிக்கு மட்டும் வரலை. குடம் மட்டும் போய்க்கொண்டிருக்கு.

27 ஜூலை, இரவு

“நாடா அழிந்திருக்கும்” என்கிறார் ஒருத்தர். இருக்கலாம். குடம் அழியலையே.

5 ஆகஸ்ட்

நேற்று ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தேன். பட்டவராயன், அதாவது சாமியான முத்துப்பட்டன், சந்நிதியில் செருப்புக் காணிக்கை போட வழக்கம்போல் கூட்டம். புதுத்தோல் செருப்பைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் அது நடந்து தேய்ந்திருக்கும், பட்டன் போட்டு நடந்திருப்பான் என்பது நம்பிக்கை. தூரத்துச் சனம் சில பேர் இது என்ன வழிபாடு என்று முழித்தார்கள். கதை தெரிந்தால் முழிக்க வேண்டியதில்லை.

ஆற்றங்கரையில் குடிசை போட்டுத் தங்கியிருந்தவர்களில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? குடத்துக்கார அண்ணாச்சி. புலவருக்கு இடத்தே பாடினவர். 80 வயசு தாண்டியாச்சு. பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். கண் மங்கிவிட்டது, காது கூர்மை.

செல்போனில் 100-க்குத் திருத்தின பதிவை முதலில் போட்டேன். ரெண்டு விரலால் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். பத்து விநாடி கழித்துத் தட்டுவதை நிறுத்தினார்.

“இது யாருவே அடிக்கது?”

“நீங்கதான் அண்ணாச்சி.”

“நான் இப்படி உறங்கிக்கிட்டு அடிக்க மாட்டேன்.”

பழைய பதிவைப் போட்டேன். மறுபடி தட்டினார். இந்தத் தடவை கை பின்தங்கியது. “இது வெரசாப் போவுது. இந்த வேகத்துல பத்தி குடத்து வாயில விழுந்து எந்திரிக்கவே நேரம் காணாதுவே. ரெண்டுக்கும் நடுவுல போடும்.”

செல்போனில் வேகத்தைக் குறைக்கிற வசதி இருக்கே, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். ஒரு இடத்தில் விரலும் குடமும் ஒன்றாக விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடத்தே பாட வேண்டிய இடம் வந்ததும் “ஆமா” என்றார். செல்போனுக்குள் இருந்த அவரும் “ஆமா” என்றார்.

பின்னால் ஆற்றில் குளிக்கிற பிள்ளைகள் சத்தம். நான் எதையும் ரெக்கார்ட் பண்ணலை. கையில் இருந்த ஒரே மிஷின் அப்போ பாடிக்கொண்டிருந்தது.

5 ஆகஸ்ட், கூடுதல்

அந்த நாலு வரியைப் பற்றியும் கேட்டேன். “93-லயா?” என்று யோசித்தார். “புலவரு பாடச் சொன்னாவ, பாடினாவ. எனக்கு அப்பம் வாயில வெத்தலை.” அவ்வளவுதான். அதற்கு மேல் நானும் கேட்கலை.

6 ஆகஸ்ட்

ஆனால் 100-க்கு இழுத்தது ஏன் தப்பாகும்? கரண்டு பொய் சொல்லுமா? ஆர்மோனியத்தை வைத்தாவது தீர்க்கலாம் என்று பார்த்தேன். அது ரெண்டு பக்கமும் தலையாட்டுது. ரெண்டு கட்டைக்கு இறக்கினால் அது வெள்ளைக்கட்டை, சரியாக நிற்குது. அண்ணாச்சி சொன்ன வேகத்துக்கு வைத்தால் ரெண்டரை, அது கறுப்புக்கட்டை, அதுவும் சரியாக நிற்குது.

8 ஆகஸ்ட்

அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டவள், கடைசியில்:

“அன்னைக்கி ஏதுடே கரண்டு? ரேடியோ செட்டுக்காரன் மிஷினுல்லா கொண்டாந்தான். கோயிலுக்குப் பொறத்தால வச்சான். பொக பூராவும் பொம்பளையாளுக இருந்த பக்கம். ஒங்க ஆச்சி ராத்திரி பூரா இருமினா.”

ஜெனரேட்டர்.

பளு குறைவாக இருந்தால் ஜெனரேட்டர் 50-ல் நிற்காது, 52, 53 என்று கூடவே ஓடும். 53 என்று வையுங்கள். முனகல் 106. கேசட்டில் 112 என்றால் வேகம் கூடினது நூற்றுக்கு ஆறுதான், பன்னிரண்டு இல்லை. மூணு கட்டையில் இருந்து அரைக்கட்டை இறங்கினால் ரெண்டரை. அண்ணாச்சி விரல் நின்ற இடம்.

26 வருஷம் கடை வைத்திருந்தேன் என்று மேலே பெருமை அடித்ததை அழிக்கலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும்.

9 ஆகஸ்ட்

அண்ணாச்சி வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “ஆர்மோனியக்காரரு எப்பமும் கறுப்புக்கட்டதான் பிடிப்பாரு. வெள்ளையில வாசிச்சா அவருக்குக் கை வராது” என்றார். தீர்ந்தது. ரெண்டரைக் கட்டை.

அப்போ 93-ல் ரெண்டு கட்டை? அந்தக் கேசட் வீட்டுக் கரண்டில் பதிந்தது, முனகல் 100-லேயே நிற்குது, வேகம் சரி. புது ஆர்மோனியக்காரர், வெள்ளைக்கட்டை. ஆறு வருஷத்தில் அரைக்கட்டை இறங்கித்தான் இருக்கு. ஆக, முதலில் நான் சொன்னதில் பாதி சரி. புகையிலையிடம் கேட்ட மன்னிப்பிலும் பாதியைத் திருப்பிக் கொடுங்கள்.

9 ஆகஸ்ட், இரவு

இன்னொரு கணக்கு. நாடா மெதுவாக ஓடினதால் 45 நிமிஷப் பக்கத்தில் 47 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைய ஏறியிருக்கு. வாழிப் பாட்டின் கடைசி வரி பக்கம் முடிய ஏழு விநாடி இருக்கும்போது முடியுது. பேட்டரி புதுசாக இருந்திருந்தால் வாழி நம்மிடம் இருந்திருக்காது.

10 அக்டோபர்

ரெண்டு மாசமாக இங்கே வரலை. கண் ஆப்பரேஷன்.

இன்றைக்கு வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் ஐயா மறைந்து ரெண்டு வருஷம். 1928-ல் நம்ம சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சென்னைக்கு அழைத்துப் போனார். கலைவாணருக்கும் பின்னால் நாகேஷுக்கும் நகைச்சுவைப் பகுதி எழுதினார். 2021-ல் பத்மஸ்ரீ. 94 வயசு வரை இருந்தார். மகள் பாரதி திருமகன் இப்போதும் வில்லிசை நடத்துகிறார்.

எங்க புலவருக்கு அவர்மேல் ஒரு குறை உண்டு. “அவுக வில்ல நாற்காலி போட்ட சனத்துக்கு முன்னால கொண்டுபோயிட்டாவ. சாமி வராத எடத்துல வில்லு என்னத்துக்கு?” என்பார். நானும் ரொம்ப நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் திருநெல்வேலி வானொலியில், 1197 கிலோஹெர்ட்ஸில், அவர் நிகழ்ச்சி வருகிற அன்று புலவர் டீக்கடை வாசலில் நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போவார். ஒருநாள் காப்பியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், கதை நடுவில் ஐயா ஒரு சிரிப்பைச் சொருகினதும், “அடுத்த கொடையில இத வச்சுக்கிடுவோம்” என்றார் குடத்துக்கார அண்ணாச்சியிடம்.

அல்வா திங்கப் போன ஆத்தா எங்கிருந்து வந்தாள் என்று இப்போது யோசிக்கிறேன். சாமக்கொடையில், சாமி வர ஒரு நாழிகை இருக்கும்போது கூட்டத்தைச் சிரிக்கவைக்கிற தைரியம் எங்க பக்கத்துப் பழைய புலவர்களிடம் நான் அவ்வளவாகக் கேட்டதில்லை.

12 அக்டோபர்

பி பக்கம் கேட்கிறவர்களுக்கு: பி பக்கம் இல்லை. இருந்தது. 1989-ல் என் சித்தப்பா மகன் அதன்மேல் கிரிக்கெட் வர்ணனை பிடித்துவிட்டான். இப்போது துபாயில் இருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் முதல் வேலையாக அதை ஞாபகப்படுத்துகிறேன்.

20 அக்டோபர்

ரெண்டரைக் கட்டைப் பதிவு தயார். கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். வெடிச் சத்தம், பையன் அழுகை, ஜெனரேட்டர் முனகல் எல்லாம் அப்படியே இருக்கு. எதையும் வழிக்கவில்லை. குடத்துக்கார அண்ணாச்சி வீட்டுக்கு ஒரு பென்டிரைவ் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். சுருதி, ஜெனரேட்டர், கறுப்புக்கட்டை எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது புலவரோட அண்ணன் பாடுத மாதிரில்லா இருக்கு.”

அவள் பென்டிரைவில் பழையதையே ஏற்றிக் கொடுத்துவிட்டேன். கத்தரிச் சத்தம் உள்ள நகல்தான் வேணுமாம்.